முப்பத்தைந்து சதவீதக் கொழுப்பு

லிஃப்ட்காரரின் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்திருந்தாள். பிறகு எழுந்தாள். காய்ச்சல் போய்விட்டது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் அவளுடைய மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

முதல் நாள் காலை அவர் காபி வாங்கி வந்து கொடுத்தார். அவள் பாதி டம்ளர் குடித்துவிட்டு, "வெந்நீர் இதமா இருக்குங்க" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவில், வேலையில், மாமனார் வீட்டில், எல்லா இடத்திலும் 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பவள். உள்ளே யாராவது அலறும்போது வெளியே இருப்பவர்களைப் பார்த்து, "ஒண்ணுமில்லை, அவர் சந்தோஷத்துல கத்தறார்" என்று முகம் மாறாமல் சொல்வதுதான் அந்த வேலையில் முக்கால் பங்கு. அதைப் பதினெட்டு வருடமாகச் செய்து வருகிறாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம்" என்றார்.

"எப்ப டாக்டர்?"

"சொல்ல முடியாது. சில பேருக்குச் சீக்கிரம் வந்துடும். சில பேருக்கு ரொம்ப நாளாகும். வராமலும் போறதுண்டு. அதுவரைக்கும் உடம்பு இளைக்காம பாத்துக்குங்க. நாக்குக்கு ருசிதான் போயிருக்கு, தொடு உணர்ச்சி அப்படியே இருக்கு. வழவழன்னு, வெண்ணெய் மாதிரி இறங்கற சாப்பாடா குடுங்க. அது ஒண்ணுதான் இப்ப அவங்களுக்குச் சுகம்."

அவளோ வழக்கம்போல அவளே சமைத்தாள், ஞாபகத்தை வைத்துக்கொண்டு. ஒரு நாள் உப்பு மூன்று தடவை விழுந்தது. மறுநாள் விழவே இல்லை. அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். அவள் தட்டில் போட்டுக்கொள்வது நாளுக்கு நாள் குறைந்தது. அவள் ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆனது.

ஒரு சாயங்காலம் அவர் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது சமையலறைப் பக்கம் பார்த்தார். அவள் கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். போனில் மறுமுனையில் யாராவது எடுப்பார்களா என்று காத்திருப்பவர்கள் நிற்பது போல நின்றாள். யாரும் எடுக்கவில்லை. கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் ஒற்றைச் செருப்போடு உள்ளே போனார்.

"இனிமே இந்த வீட்ல சமையல் நான்தான்."

"யாரு?"

"நான்."

"அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"முப்பது மாடி லிஃப்டை ஒத்தைக் கையால நிறுத்தறவன் நான். அடுப்பு என்ன அடுப்பு!"

"அதை நிறுத்தறது உங்க வேலை. இதை எரிய வெக்கணும். முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

வழவழப்பு என்றால் க்ரீம். அது வரைக்கும் அவருக்குத் தெளிவாக இருந்தது. க்ரீமில் ஒரு சாஸ் செய்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேலோ கோழியின் மேலோ ஊற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. க்ரீமில் மூன்று வகைதான் உண்டு என்பது அவர் கணக்கு: முகத்துக்குப் பூசுவது, ஷூவுக்குப் பூசுவது, சாப்பிடுவது.

கடையில் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் அந்தக் கணக்கு தப்பிப் போயிற்று. ஒரு சுவர் முழுக்கப் பாக்கெட். எதன் மேலும் எது எதற்கு என்று அவர் புத்திக்கு எட்டுகிறபடி எழுதியிருக்கவில்லை. கை விறைக்கும்வரை நின்றுவிட்டு, படம் எதில் அழகாக இருக்கிறதோ அதை எடுத்தார். பனிமலை மாதிரி வெள்ளையாகக் கோபுரம் கட்டி, உச்சியில் ஒரு ஸ்ட்ராபெரி வைத்திருந்தது. வீட்டில் ஸ்ட்ராபெரி இல்லை. அதை விட்டுவிட்டால் போகிறது என்று நினைத்தார்.

வெங்காயத்தை வதக்கினார். காளானைப் போட்டார். மிளகை இடித்துப் போட்டார். க்ரீமை ஊற்றினார். பார்ப்பதற்கு என்னவோ கல்யாணச் சாப்பாடு மாதிரிதான் இருந்தது.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு வாய் வைத்தார். பிறந்தநாள் கேக்குக்குள் காளான் தவறி விழுந்து செத்துப்போன மாதிரி ஒரு தித்திப்பு. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

அவள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனாள். வைத்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க."

"வேண்டாம்னா வெச்சுடு."

"இல்ல. சாப்பிடறேன்."

தட்டைத் துடைத்த மாதிரி சாப்பிட்டாள். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், ருசி தெரியவில்லையே என்று அழுகிறாள் என்று நெஞ்சு கனத்தது. அதே நெஞ்சின் இன்னொரு மூலையில், நல்லவேளை ருசி தெரியவில்லை என்றும் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்காக அவர் தன்னைத் தானே மனசுக்குள் ஒரு அறை அறைந்துகொண்டார்.

கை கழுவும்போது அவள் சொன்னாள். "நல்லாத்தான் இருந்தது. ஆனா மேல் அண்ணத்துல மெழுகு பூசின மாதிரி ஒட்டுதுங்க. வேற க்ரீம் கிடைக்குதான்னு பாருங்களேன்."

மறுபடியும் கடை. இந்தத் தடவை பாக்கெட்டின் முதுகைப் படித்தார். முன்பு வாங்கியதில் சர்க்கரை இருந்திருக்கிறது. அது பாலிலிருந்து வந்ததே இல்லை, தாவர எண்ணெயில் செய்து கேக்கின் தலையில் வைப்பதற்கு. சரி, இனி சர்க்கரை இல்லாததாக, உடம்புக்கும் நல்லதாக இருக்கட்டும் என்று கொழுப்பு குறைந்த லேசான க்ரீமை எடுத்தார். தக்காளி சாஸ் தளதளவென்று கொதிக்கும்போது அதை ஊற்றினார். கண்ணெதிரே அது கட்டி கட்டியாகப் பிரிந்து, சிவப்புத் தண்ணீரில் வெள்ளைப் பொடி மிதந்தது.

"திரிஞ்சு போச்சு" என்றார், திட்டு வாங்கப் போகிறவர் மாதிரி.

அவள் சாப்பிட்டுப் பார்த்தாள். "நறநறன்னு மணல் மாதிரி இருக்குங்க."

எதிர்வீட்டில் ஒருவர் இருந்தார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர், தனி ஆள். லிஃப்ட்காரர் தன் கஷ்டத்தை அவரிடம் போய்க் கொட்டினார்.

"பிரேக் இல்லாத வண்டி மாதிரி கொதிக்க விட்டா எந்த க்ரீமும் திரியத்தான் செய்யும்" என்றார் டிரைவிங் மாஸ்டர்.

"மெதுவாத்தான் கொதிக்க விட்டேன் சார்."

"அப்ப க்ரீமை மாத்துங்க. கியரை மாத்தினாதானே வண்டி ஏறும்?"

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது. உக்காந்து சொல்லித் தரத் தெரியும்."

அடுத்தது புளிப்பு க்ரீம். அதை ஊற்றிக் கொதிக்கவிட்டு ஒரு தடவை பாழாக்கினார். அடுப்பை அணைத்துவிட்டுக் கலக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு இன்னொரு தடவை செய்தார். அழகாக வந்தது. புளிப்பு முகத்தைச் சுளிக்க வைத்தது. ஆனால் அவளுக்குத்தான் புளிப்பு தெரியாதே! பெருமையோடு பரிமாறினார். அவள் அமைதியாக, "தொண்டையில பிடிக்குதுங்க" என்றாள். அதுவும் போயிற்று. பிறகு 'சமையலுக்கானது' என்று போட்டிருந்த ஒன்று கிடைத்தது. எவ்வளவு கொதித்தாலும் திரியவில்லை. ஏனென்று பின்பக்கம் பார்த்தால் மாவு கலந்திருந்தது. "போஸ்டர் ஒட்டற பசை மாதிரி இருக்கு" என்றாள்.

வேறு ஆளாக இருந்தால் இங்கே கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். லிஃப்ட்காரர் போடவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் தட்டில் மிச்சம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். க்ரீம் எப்படி இருந்தாலும் தட்டு காலியாகத்தான் இருந்தது. ரவிக்கைக் கை மெல்ல மெல்ல நிரம்பியது. லிஃப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போடும்போதுகூட அவருக்கு அந்தக் கைதான் நினைவில் இருந்தது.

கடைசியில் குளிர்பெட்டியின் மேல் தட்டில், படமே இல்லாத ஒரு பாக்கெட். சர்க்கரை இல்லை, மாவு இல்லை, எண்ணெய் இல்லை. பாலின் க்ரீம் மட்டும். கொழுப்பு முப்பத்தைந்து சதவீதம். அன்றைக்குத் தக்காளி சாஸ் கொதித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். திரியவில்லை. இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டார். அப்போதும் திரியவில்லை. சுண்டச் சுண்டப் பளபளவென்று பட்டுத் துணி மாதிரி கரண்டியை விட்டு நழுவியது. கொழுப்பு அதிகமாக இருந்தால் புளிப்பையும் சூட்டையும் தாங்கும் என்கிற உண்மையை அவர் அன்று அடுப்படியில் தனியாக நின்று கண்டுபிடித்தார்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"இறங்குதுங்க" என்றாள்.

ஏறுவதையும் இறங்குவதையும் வைத்துப் பிழைக்கிற மனிதருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் அந்தப் பாக்கெட் இல்லாத நாளே கிடையாது. எலுமிச்சை சாஸ், பூண்டு சாஸ், மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று அவர் கை தன்னால் நகர ஆரம்பித்தது.

ஒரு நாள் அவர் பூண்டு வதங்க விட்டுவிட்டு மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முன்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அடிப் பிடிக்குது, பாருங்க!"

ஓடிப்போய் வாணலியை இறக்கினார். இறக்கிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. முன்னறைக்கு வந்து நின்றார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எது?"

"அடிப் பிடிச்சது."

அவள் தைத்துக்கொண்டிருந்த பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சத்தம் மாறிச்சு. சடசடன்னு இருந்தது, படபடன்னு ஆயிடுச்சு. லிஃப்ட் கெட்டுப் போனா சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

அது வாஸ்தவம்தான். அவர் அப்படிச் சொல்வதுண்டு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"டெஸ்ட் வெச்சுப் பாருங்க" என்றார் டிரைவிங் மாஸ்டர். "எட்டு போடச் சொன்னா தெரிஞ்சுடும், யாருக்கு ஓட்டத் தெரியும்னு."

மறுநாள் அவள் தட்டில் மட்டும் இரண்டு பெரிய கரண்டி வினிகரைக் கலந்தார். நல்ல க்ரீம், அதற்கும் திரியவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாய் சாப்பிட்டாள். புருவம் ஆடவில்லை. மூன்றாவது வாய்க்கு நடுவில், "மக போன் பண்ணாளே, லீவு கிடைச்சுதாமா?" என்று கேட்டாள். தட்டு காலியானது.

லிஃப்ட்காரர் அன்று பாத்திரம் கழுவும் தொட்டியின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நோயாளியைச் சந்தேகப்பட்டு விஷப்பரீட்சை வைத்தவன் மனுஷனா? அந்தப் பாவத்தைக் கழுவ, பாத்திரம் கழுவுகிற வேலையையும் அன்றோடு தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். காலைச் சாப்பாடும் அவரிடம் வந்தது. அவள், "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், ஊரிலேயே பெரிய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றிருக்காவிட்டால்.

உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் மேல் மாடிக் கதவைத் திறந்து, கீழே கூண்டின் தலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க சார், இதோ வந்துட்டேன்!"

"யாரது, லிஃப்ட்காரரா? நான்தான், காது மூக்கு தொண்டை!"

இருட்டுக்குள்ளிருந்து அப்படி ஒரு பதில் வந்தால் யாருக்கும் கொஞ்சம் தூக்கிவாரித்தான் போடும். டாக்டருக்கு உள்ளே பயம். பயத்தை மறைக்க நிறுத்தாமல் பேசினார்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க சார். நல்லா சாப்பிடறாங்க."

"சாப்பிட மாட்டாங்களா பின்னே! ருசி திரும்பி வந்துதான் மாசக்கணக்காச்சே. அன்னைக்கு வந்து சொன்னப்ப எவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு! நீங்ககூட ரொம்பச் சந்தோஷப்பட்டதாச் சொன்னாங்களே?"

லிஃப்ட்காரர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கூண்டின் தலையில் 'டங்' என்று விழுந்தது.

"ஐயோ! என்னது? அறுந்துடுச்சா?"

"இல்ல சார்" என்றார் லிஃப்ட்காரர். "நான்தான் கொஞ்சம் இறங்கிட்டேன்."

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் அவள் முன்னால் நின்றார்.

"டாக்டரைப் பாத்தேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஓ" என்றாள்.

"வினிகர்?"

"பல்லெல்லாம் கூசிச்சுங்க. ரெண்டு நாள் வெந்நீர்கூடக் குடிக்க முடியல. நீங்க உங்க தட்டை விட்டுட்டு என் புருவத்தையே பாத்துட்டிருந்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. வலியை முகத்துல காட்டாம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுக்கறாங்க."

"மணல்னே, பசைன்னே, தொண்டையில பிடிக்குதுன்னே..."

"புளிப்பு பிடிக்கலைன்னு நேரா சொல்ல முடியுமா? எப்படியோ சொல்லித்தானே ஆகணும்."

"உனக்கு எவ்வளவு கொழுப்புன்னு தெரியுமா?"

"முப்பத்தஞ்சு சதவீதம். நீங்கதானே தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தீங்க."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வழக்கு தோற்றுவிடும் என்று அடக்கிக்கொண்டு, "எப்ப வந்துச்சு ருசி?" என்று கேட்டார்.

அவள் மடியிலிருந்த துணியை நீவிவிட்டாள். சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அந்தச் சர்க்கரைக் காளான் அன்னைக்கு. வாயில வெச்சேன். தித்திச்சுது. எல்லாம் செத்துப் போச்சுன்னு நினைச்சுட்டிருந்த நாக்குல முதல்ல வந்து நின்னது உங்க காளான்தான். அவ்வளவு மோசமான சாப்பாட்டை என் ஜன்மத்துல சாப்பிட்டதில்லைங்க. அவ்வளவு ருசியானதையும் சாப்பிட்டதில்லை."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கரண்டி என் கைக்கு வந்திருக்கும். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சமைச்சு, நீங்க பேப்பர் பாத்துட்டே சாப்பிட்டீங்க. எனக்குன்னு ஒருத்தர் சமைச்சு, நான் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தது இப்பத்தான். அதை விட்டுட எனக்கு மனசு வரலைங்க."

லிஃப்ட்காரருக்கு மனசு இளகியது. ஆனாலும் ஏமாந்தவர், ஆண்பிள்ளை, தெருவில் நாலு பேர் மதிக்கிறவர். கம்பீரமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அதெல்லாம் சரி. நாளையிலேர்ந்து சமையல் நீதான்."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் முன்னறையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். சமையலறையில் தக்காளி கொதிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே கொதிக்கிறதோ? கேட்காத மாதிரி ஒரு பக்கம் திருப்பினார். தளதளவென்பது குபுகுபுவென்று ஆயிற்று. எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி போய் எட்டிப் பார்த்தார்.

அவள் ஒரு பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, கொதிக்கிற சாஸுக்கு மேலே சாய்த்துக்கொண்டிருந்தாள். லேசான க்ரீம். கொழுப்பு குறைந்தது.

"ஊத்தாதே!"

"ஏங்க?"

"திரிஞ்சுடும்!"

"க்ரீம்னா எல்லாம் க்ரீம்தானேங்க?"

"எல்லாம் க்ரீமா? யார் சொன்னா? புளிப்பு இருக்கு, இவ்வளவு சூடு இருக்கு, இந்தத் தண்ணி க்ரீம் ஒரு நிமிஷம் தாங்குமா? குடு அதை. நகரு. முதல்ல தீயைக் குறை. ஃப்ரிட்ஜ்ல நம்ம பாக்கெட் இருக்குமே... இங்கதான் இருக்கு, முன்னாலேயே இருக்கு! கரண்டியைக் குடு."

கரண்டி கை மாறியது. அவர் தீயைக் குறைத்து, நல்ல க்ரீமை ஊற்றி, கை நிற்காமல் கலக்கினார். சாஸ் பளபளத்தது. அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் மேடையில் இருந்த அந்த இன்னொரு பாக்கெட்டைப் பார்த்தார்.

"இதை நான் வாங்கலையே. எங்கேர்ந்து வந்துச்சு?"

"கிளினிக் முடிஞ்சு வர்ற வழியில நான்தான் வாங்கினேன்."

"ஃப்ரிட்ஜ்ல இது இருக்கறப்பவா?"

அவள் ஏற்கெனவே சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரர் கரண்டியைப் பார்த்தார். கரண்டி அவர் கையில்தான் இருந்தது. யாரும் திணிக்கவில்லை, அவரே கேட்டு வாங்கியது.

இரண்டு தட்டில் பரிமாறிக்கொண்டு வந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். ரசித்து, நிதானமாக, இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"இனிமே மறைக்க வேண்டியதில்லையே, சொல்லிடறேன்" என்றாள். "உப்பு கம்மி. மிளகு ஜாஸ்தி. பூண்டு இன்னும் கொஞ்சம் வதங்கணும். நாளைக்குச் சரி பண்ணிடுங்க."